குடும்பத் தலைவருக்கு என்ன உறவு

இந்திய மண்ணில் காலை வைத்த அன்றே சவரிமேரிக்கு ஒரு பதவி உயர்வு கிடைத்தது. மன்னாரில் படகேறும்போது அந்தோணிமுத்துவின் தங்கை மகளாக இருந்தவள், ராமேசுவரம் கரையில் இறங்கிப் பதிவு வரிசையின் மறுமுனைக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய சொந்த மகளாகியிருந்தாள். ஆண்டு 1990. அவளுக்கு வயது நான்கு. அவளைப் பெற்ற இருவரும் அதற்கு மூன்று வாரம் முன்பு, வீட்டோடு சேர்ந்து, ஒரே குண்டில் போயிருந்தார்கள். அதை விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை. எந்தப் படிவத்திலும் அதற்கு இடம் இருந்ததில்லை.

பொய் சொல்லும் எண்ணத்தோடு அந்தோணிமுத்து வரிசையில் நிற்கவில்லை. முன்னால் நின்ற ஒருவர் திரும்பி, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து வேறு எங்கோ அனுப்பிவிடுகிறார்களாம் என்றார். அது உண்மையா என்று விசாரிக்க நேரமில்லை, மேசை வந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமல், "குடும்பத் தலைவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார். மனைவி ஞானப்பூவுக்கும் மகன் ஜோசப்ராஜுக்கும் உரிய பதிலைச் சொன்ன அதே வாயால், தோளில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கும் "மகள்" என்று சொன்னார். அந்த வரிசையில் நின்ற எந்தத் தாய்மாமனும் அதைத்தான் சொல்லியிருப்பான். எழுதுகிறவரும் அழகான கையெழுத்தில் அப்படியே எழுதினார். இந்தக் கதையில் நடக்கும் எல்லா அநியாயத்துக்கும் காரணமான மனிதர் இவர்தான் என்று யாரையாவது காட்ட முடியுமா என்று தேடிப் பார்த்தால், கடைசியில் ஒரு நல்ல கையெழுத்துதான் மிஞ்சுகிறது.

அவர்களைப் புவனகிரியிலிருந்து குறிஞ்சிப்பாடி போகிற சாலையில் ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். பத்துக்குப் பத்து அறை. மாதம் இரண்டு முறை செக்கிங். வருவாய்த் துறையிலிருந்து ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்திருந்த முகாம் கார்டைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிடுவார். உயிரோடு இருப்பவர்கள் முன்னால் வந்து அதைக் கையெழுத்தால் நிரூபிக்க வேண்டும். சவரிமேரி எழுதப் பழகியதே அந்தக் கையெழுத்தில்தான் என்று ஞானப்பூ சொல்வாள். பிறகு வளர்ந்து முந்திரி உடைக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்களில் தோல் உரிந்து, ரேகை என்று சொல்லத்தக்க எதுவும் மிஞ்சவில்லை. ரேகை வைக்கச் சொல்லும் எந்திரங்கள் அவளைப் பல தடவை ஆளே இல்லை என்று சொல்லியிருக்கின்றன. எந்திரங்களுக்கு இங்கிதம் தெரியாது; மனிதர்கள் அதே செய்தியைச் சொல்ல இன்னும் பல வருடம் எடுத்துக்கொண்டார்கள்.

2004-ல் அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் மாமா அந்தோணிமுத்து செய்ய வேண்டியதைச் செய்தார். தங்கை மகள், தன் மகனுக்கு முறைப்பெண். பெற்றவர்கள் இல்லாத பெண்ணை வேறு எந்த வீட்டுக்கு அனுப்புவார்? ஜோசப்ராஜுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. அவன் சில வருடமாக அதற்காகத்தான் காத்திருந்தான். அரசாங்கத்தின் கணக்கில் அண்ணன் தங்கை என்பது வீட்டில் யாருக்கும் நினைவில்லை. நினைவிருந்தாலும் அது கார்டில் இருப்பது, இது கல்யாணம்.

சிதம்பரத்தில் மாதா கோயில் கல்யாணம். பங்குச் சாமியார் மாத்திரம் கொஞ்சம் யோசித்தார். மாமன் மகனும் அத்தை மகளும் திருச்சபையின் கணக்கில் நெருங்கிய இரத்த உறவு, மறைமாவட்டத்திலிருந்து விதிவிலக்கு வாங்க வேண்டும் என்றார். எழுதிப் போட்டார். இரண்டாயிரம் வருடப் பழைய நிறுவனம், பதினைந்து நாளில் பதில் அனுப்பியது. பங்குப் பதிவேட்டில் மணமகளின் தந்தை என்ற இடத்தில் 'காலஞ்சென்ற யாக்கோபு' என்று எழுதினார்கள். இந்தியாவில் சவரிமேரி யாரென்று சரியாக எழுதப்பட்ட புத்தகம் அது ஒன்றுதான். பரலோகத்துக்குள் நுழைய அது செல்லும். விமானத்துக்குள் நுழையச் செல்லாது.

அடுத்த வருடம் கிரேசி பிறந்தாள். சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனை. பதிவு செய்கிறவர் அடையாளத்துக்கு ஏதாவது கேட்டார். முகாம் கார்டைத் தவிர வேறென்ன இருக்கிறது? அவர் கார்டைப் பார்த்தார். மேலே முதல் வரியில் ஒரு ஆண், இரண்டாவது வரியில் அவர் மனைவி. தகப்பன், தாய் என்ற இரண்டு கட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? அந்தோணிமுத்து, ஞானப்பூ என்று எழுதிக்கொண்டார். ஜோசப்ராஜ் பெயின்டர்; எங்கோ மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து இறங்கி, இமை முடியில் வெள்ளைப் புள்ளிகளோடு ஓடி வந்தவன், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போனான். இப்படியாக ஐம்பத்திரண்டு வயது ஞானப்பூ, வயிற்று வலி எதுவுமின்றி, ஒரு பெண் குழந்தைக்குத் தாயானாள்.

முகாம் கார்டிலும் அப்படியே ஏறியது. அங்கே ஏற்கெனவே ஒரு மகன், ஒரு மகள்; இன்னொரு மகள் சேர்ந்ததில் யாருக்கும் உறுத்தவில்லை. செக்கிங்குக்கு வந்தவர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். சிரிப்பார்கள். ஒருத்தர் மட்டும், "திருத்தணும்னா திருத்தலாம், ஆனா திருத்துறதுக்கு ஃபாரம் இல்லியே" என்று வருத்தப்பட்டார். பிறகு அந்தோணிமுத்து இறந்தார், ஞானப்பூவும் இறந்தாள். ஜோசப்ராஜ் குடும்பத் தலைவரானான். தலைவர் மாறினால் உறவும் மாற வேண்டுமல்லவா? அப்பாவின் மகள்கள் இருவரும் மகனுக்குத் தங்கைகள். மனைவி தங்கை, மகள் தங்கை. கணினியே போட்டுக்கொண்டது, மனிதக் கை படவில்லை என்பதால் தவறு நடந்திருக்க வாய்ப்பில்லை என்றார்கள்.

இதற்கிடையில் அரசாங்கமும் தன் பங்குக்கு அவர்கள் நிலையை உயர்த்தியது. அகதிகள் முகாம் என்ற பெயர் மனத்தைப் புண்படுத்துகிறது என்று மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பலகையை மாற்றி எழுத ஜோசப்ராஜையே கூப்பிட்டார்கள். மூன்று கோட்டிங் அடித்தும் பழைய வார்த்தை மழை நாளில் அடியிலிருந்து தெரிகிறது என்று பக்கத்து அறைப் பவானி குறை சொன்னாள். பெயின்ட் மட்டம் என்றான் ஜோசப்ராஜ்.

எல்லாம் இப்படியே போயிருக்கும். கிரேசிதான் கெடுத்தாள். நர்சிங் டிப்ளமோ படித்து, இருபது வயதில் தேறி, மாலத்தீவில் ஒரு மருத்துவமனையில் வேலையும் வாங்கிவிட்டாள். டிசம்பர் முதல் தேதி சேர வேண்டும். இங்கே அவளுக்கு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. தனியார் மருத்துவமனைகளில் மற்றவர்கள் வேண்டாம் என்ற ஷிப்டை அவளுக்குக் கொடுத்தார்கள். சவரிமேரிக்கு ஒரே ஆசைதான். இந்தப் பிள்ளையின் விரல் முந்திரித் தோட்டைத் தொடக் கூடாது. அதற்கு அவள் போக வேண்டும். போக ஒரு புத்தகம் வேண்டும்.

புத்தகங்களைப் பற்றிய ஞானம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. ஜோசப்ராஜின் ஒன்றுவிட்ட சகோதரன் ஐரோப்பாவில் இருக்கிறான். அகதிக்கென்று அங்கே ஒரு பயணப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அதில் 'இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும்' என்று போட்டிருக்கிறது. இந்தியாவிலேயே திபெத்துக்காரர்களுக்கு மஞ்சள் நிறத்தில் ஒன்று உண்டு. இவர்களுக்கு எந்த நிறத்திலும் எதுவும் கிடையாது. இவர்கள் சட்டப்படி அகதிகளும் அல்லர். முகாமில் அகதி என்று கூப்பிடுவது ஒரு பாசத்தில்தான். கோப்பில் சட்டவிரோதமாகக் குடியேறியவர். முகாமில் இருந்தால் ஒரு வகை, முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்திருந்தால் இன்னொரு வகை, தாயகம் திரும்புகிறேன் என்றால் மூன்றாம் வகை. மூன்றாம் வகைக்கு மட்டும்தான் கதவு திறக்கும். இலங்கைப் பிள்ளை என்று சென்னையிலுள்ள அந்நாட்டு அலுவலகத்தில் பதிந்து பாஸ்போர்ட் வாங்க வேண்டும். பிறகு இங்கே நாட்டை விட்டுப் போக எக்ஸிட் பெர்மிட் வாங்க வேண்டும். கொழும்பு போய் அங்கிருந்து எங்கும் போகலாம். திரும்பி மட்டும் வர முடியாது. ஐரோப்பாக்காரனுக்கு இலங்கை தவிர எல்லாம். கிரேசிக்கு இலங்கை மட்டும், ஒரே ஒரு தடவை.

இத்தனையையும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் சபாபதி. கடலூரில் ஓர் அலுவலகத்தில் உதவியாளர், ஓய்வு பெற எட்டு மாதம். கெட்ட மனிதர் அல்லர். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சைக்கிளில் வருவார், டீ வாங்கிக் கொடுத்தால் காசைக் கொடுத்துவிடுவார். சவரிமேரி கொண்டுபோன காகிதங்களை மேசையில் பரப்பிவைத்து அரை மணி நேரம் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. முப்பது வருட சர்வீசில் இவ்வளவு சுத்தமான கோப்பைப் பார்த்ததில்லை என்றார்.

சவரிமேரிக்குப் புரியவில்லை. இதில் இருப்பதெல்லாம் தப்பாயிற்றே, திருத்த வேண்டும் என்றுதானே வந்தோம் என்றாள்.

சபாபதி பொறுமையாக விளக்கினார். அந்தோணிமுத்துவின் பிறப்புச் சான்று, ஞானப்பூவின் பிறப்புச் சான்று, அவர்கள் கல்யாணப் பதிவு, மூன்றும் மன்னாரிலிருந்து பாலிதீன் பையில் வந்து நனையாமல் இருக்கின்றன. இருவருக்கும் பிறந்தவள் கிரேசி என்று பிறப்புச் சான்று சொல்கிறது, முகாம் கார்டு சொல்கிறது, பள்ளிக்கூடச் சான்று சொல்கிறது. ஒரு எழுத்து பிசகவில்லை. மாறாக, கிரேசி சவரிமேரியின் மகள் என்று வைத்துக்கொண்டால் என்ன இருக்கிறது? சவரிமேரியின் பிறப்புச் சான்று யாக்கோபின் வீட்டோடு எரிந்துவிட்டது. கல்யாணத்தைப் பதியலாமென்றால் கார்டில் அண்ணன் தங்கை. எந்தப் பதிவாளரும் ஓடிவிடுவார். சரி, கார்டு தப்பு என்று மனு கொடுத்தால், தொண்ணூறில் பொய் சொல்லி உள்ளே வந்தவள் என்றாகிவிடும். அப்புறம் அவளுக்கு எந்த வகையிலும் இடமில்லை. வகையில்லாதவர்களை வைப்பதற்கென்று தனி முகாம் இருக்கிறது. அதற்குச் சுவர் கொஞ்சம் உயரம்.

"இங்க பாரும்மா," என்றார் சபாபதி. "நீ அவளுக்கு அம்மாவாத்தான் இருப்பேன்னு நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அக்காவா இரு. நவம்பருக்குள்ள பொண்ணு பிளேன் ஏறிடும்."

"அப்ப நான் பெத்ததுங்க?"

"அத யாரும்மா கேட்டா?"

அவர் சொன்னபடியே நடந்தது. சென்னையில் அந்நாட்டு அலுவலகம் காகிதங்களைப் பார்த்துத் திருப்தியடைந்தது. காலஞ்சென்ற அந்தோணிமுத்து, ஞானப்பூ தம்பதியின் கடைசி மகளுக்கு, பிறந்து இருபது வருடம் கழித்து, அவள் பார்த்தேயிராத ஒரு நாடு பாஸ்போர்ட் கொடுத்தது. அட்டையில் சிங்கம் வாளோடு நின்றது. கிரேசி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, போட்டோவில் தன் மூக்கு சரியில்லை என்றாள். சவரிமேரி வாங்கி உள்ளே தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். விசாவுக்கான வெற்றுப் பக்கங்கள்தான் நிறைய இருந்தன.

இனி எக்ஸிட் பெர்மிட். அதற்கு ஒரு விசாரணை உண்டு, குடும்பத்தோடு வர வேண்டும், அலுவலர் மேடம் வாயால் கேட்பார், அங்கே போய் உளறினால் எல்லாம் போச்சு என்று சபாபதி எச்சரித்தார். இப்போதிருந்தே பழகிக்கொள்ளுங்கள் என்றார்.

பழகினார்கள். ஒரு மாதம் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் நடந்த ஒத்திகையை வெளியாட்கள் பார்த்திருந்தால் டிக்கெட் போட்டிருக்கலாம். கிரேசி தன் அப்பாவை அண்ணா என்று கூப்பிட வேண்டும். சவரிமேரி தன் புருஷனை அண்ணா என்று கூப்பிட வேண்டும். இருபத்தோரு வருடம் மச்சான் என்றவள். முதல் நாள், "அண்ணா, சோறு போடட்டா?" என்று கேட்டுவிட்டு அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜோசப்ராஜ் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போனான். பவானி காதில் எப்படியோ விழுந்து, "உங்க வீட்ல மட்டும் ராக்கி கயிறு ஒரு முழம் ஜாஸ்தியா வாங்கணும்டி" என்றாள். கிரேசிதான் சீக்கிரம் தேறினாள்; படித்த பெண். பத்து நாளில் அவள் வாயில் அண்ணா தடங்கலில்லாமல் வந்தது. அக்காவும் வந்தது. அது வந்த அன்றைக்கு சவரிமேரி சிரிக்கவில்லை. "நல்லா சொல்ற," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

விசாரணை நாளில் மூவரும் முதல் பஸ் பிடித்துக் கடலூர் போனார்கள். அலுவலர் கயல்விழி முப்பது வயதுக்குள் இருப்பார், நல்ல பெண். எழுந்து நின்றவர்களை உட்காரச் சொன்னார். முகாம்வாசிகளுக்கு அலுவலகத்தில் நாற்காலி கிடைப்பது அபூர்வம் என்பதால் மூன்று பேரும் நுனியில்தான் உட்கார்ந்தார்கள். சபாபதி கோப்போடு பக்கத்தில் நின்றார்.

கயல்விழி கிரேசியிடம் பெற்றோர் பற்றிக் கேட்டார். இருவரும் இறந்துவிட்டார்கள் என்றாள். பெற்றவர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலர் முகம் வாடியது, நிஜமாகவே வருத்தப்பட்டார். ஜோசப்ராஜைப் பார்த்து உறவு கேட்டார். "தங்கச்சிங்க மேடம்," என்றான். ஒரு தடவைதான் சொன்னான், தெளிவாகச் சொன்னான். மேசையின் பிளைவுட் விளிம்பில் வார்னிஷ் உரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

கயல்விழி சவரிமேரி பக்கம் திரும்பினார். அவர் இரக்கத்தோடு கேட்காமலிருந்தால் ஒருவேளை எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும்.

"அம்மா இல்லாத பொண்ணு. நீங்கதான் அம்மா மாதிரி வளத்திருப்பீங்க இல்ல? நீங்க இவங்களுக்கு அக்காதானே?"

ஒரு மாதம் பழகிய வார்த்தை. ஆமாம் என்று தலையசைத்தாலே போதும். சவரிமேரி கிரேசியைப் பார்த்தாள். கிரேசி தன் மடியில் இருந்த பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடினாள். அம்மா என்று சொன்னால் பிள்ளை போக முடியாது. அக்கா என்று பெற்றவள் வாயால் சொல்லவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்லைத் தேடினாள்.

"நான் யாருமில்லீங்க மேடம். தொணைக்கு வந்தேன்."

சபாபதியின் கையிலிருந்த பேனா மூடி கீழே விழுந்தது. அலுவலர் கொஞ்சம் குழம்பி, அப்படியானால் சம்பந்தமில்லாதவர்கள் வெளியே இருக்கலாமே என்று பணிவாகவே சொன்னார். சவரிமேரி எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, வராந்தாவுக்கு வந்து நின்றாள்.

உள்ளே பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பெற்றோர் இல்லை, இந்தியாவில் அண்ணன் ஒருவர் மட்டும், திரும்பி வர வேண்டிய அவசியம் எதுவுமில்லை என்று பரிந்துரை எழுதி, அலுவலர் கையெழுத்திட்டார். சாட்சியாக ஜோசப்ராஜ் கையெழுத்திட்டான். வெளியே வந்ததும் சவரிமேரி, "கெடச்சிடுச்சா?" என்று கேட்டாள். கிடைத்துவிட்டது என்றான். கிரேசி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வராந்தாவில் ஆட்கள் இருந்ததால் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

நவம்பர் இருபத்தாறாம் தேதி கிரேசி போனாள். கொழும்பில் இறங்கினாள், பிறகு மாலத்தீவில் இறங்கினாள், முதல் தேதி வேலையில் சேர்ந்தாள். வீடியோவில் கடலைக் காட்டினாள். ஒரு கடலைத் தாண்டித்தான் தானும் வந்தது சவரிமேரிக்கு நினைவில்லை. நான்கு வயதில் தூங்கிக்கொண்டே வந்தவள்.

அரசாங்கம் தூங்கவில்லை. விசாரணைக் குறிப்பில், கார்டில் தங்கை என்று உள்ள ஒருவர் அலுவலர் முன்னிலையில் தான் யாருமில்லை என்று வாக்குமூலம் கொடுத்திருப்பதை யாரோ கவனித்தார்கள். யாருமில்லாத ஒருவர் முப்பத்தைந்து வருடமாக முகாமில் எப்படி இருந்தார் என்ற நியாயமான கேள்வி எழுந்தது. கோப்பு தொடங்கியது. டிசம்பர் இரண்டாவது வாரம் நோட்டீஸ் வந்தது. தாங்கள் யார் என்பதையும், குடும்பத் தலைவருக்குத் தாங்கள் என்ன உறவு என்பதையும் ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

சபாபதி சைக்கிளை விட்டுவிட்டுப் பஸ்ஸிலேயே முகாமுக்கு வந்தார். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இன்னும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை, பதற்றத்தில் வாய் தவறிவிட்டது, தங்கைதான் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் நானே கோப்பை மூடிவிட்டு ரிட்டயர்டு ஆகிறேன் என்றார். வாசகத்தையும் அவரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அது அவர் செய்யக்கூடிய உச்சபட்ச உதவி. அதற்கு நன்றி சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று மாலை ஜோசப்ராஜ் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். சவரிமேரி அதைத் திருப்பி, பின்பக்க வெள்ளைத் தாளை மேலே வைத்தாள்.

"இதுல எழுது, மச்சான். கிரேசியோட அம்மான்னு எழுது."

அவன் பேனாவைக் கீழே வைத்தான். "எழுதுனா உன்ன வெளிய போட்டுடுவாங்கடி."

"போடட்டுமே. எம்புள்ள இருக்கறதும் வெளியதான?"

எழுதினான். பலகை எழுதிப் பழகிய கை. எழுத்துகள் குண்டு குண்டாக, தூரத்திலிருந்தே படிக்கும்படி இருந்தன. கிரேசியின் தாய், ஜோசப்ராஜின் மனைவி, காலஞ்சென்ற யாக்கோபின் மகள். சிதம்பரம் பங்குப் பதிவேட்டின் நகலையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.

பதில் இன்னும் வரவில்லை. கடிதம் மேல்நடவடிக்கைக்காக எங்கோ போயிருக்கிறது, எந்த வகையில் சேர்ப்பது என்று ஆலோசித்துவருகிறார்கள் என்று தகவல். அதுவரை அவளை வெளியே அனுப்பவும் விதியில்லை, உள்ளே வைத்திருக்கவும் விதியில்லை. செக்கிங்குக்கு வருகிறவர் நல்ல தீர்வு ஒன்று கண்டிருக்கிறார். கார்டில் தங்கை என்ற சொல்லைப் பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார். மாதம் இரண்டு முறை அவர் பெயர் கூப்பிடுவார். சவரிமேரி முன்னால் வந்து அந்தக் கேள்விக்குறிக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொட்டகைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விடுவாள்.